எடையைக் கேட்காமல் அனுப்பிய கமான் பட்டை: பணத்தைத் திருப்பித் தரவும் படகுச் சேதத்தை ஈடுகட்டவும் கோரிப் புகார்

அனுப்புநர்:
நாட்டுப்படகு உரிமையாளர்,
மண்டபம்,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
டிரெய்லர் உதிரிபாக விற்பனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

நாள்: 12.05.2025

பொருள்: படகு டிரெய்லருக்குப் பொருந்தாத கமான் பட்டைகளை அனுப்பியது, துத்தநாகப் பூச்சு என்று சொல்லி வெள்ளிப் பெயின்ட் அடித்த பொருளை விற்றது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மார்ச் 18ஆம் தேதி உங்கள் இணையதளத்தில் என் படகு டிரெய்லரின் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே இருந்து அடியை வாங்கும் கமான் பட்டை ஒரு ஜோடி ஆர்டர் செய்தேன். பட்டைக்கு 6,400 ரூபாய், பார்சலுக்கு 450 ரூபாய், இரண்டையும் அன்றைக்கே கட்டிவிட்டேன். வந்தவை என் டிரெய்லருக்கு ஏற்ற பட்டைகள் அல்ல. அவற்றைப் போட்டு ஓட்டியதில் என் ஃபைபர் படகின் அடிப்பாகம் கீறிவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை போனில் கேட்டேன். மூன்று முறையும் "ஒரு தடவை மாட்டிட்டா ரிட்டர்ன் கிடையாதுங்க" என்றுதான் பதில் வந்தது. அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். பொறுப்பில் இருக்கும் ஒருவராவது கடைசி வரை படிக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடலில் தொழில் செய்வோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் தென்கடல் கெட்டுவிடும், வடகடலுக்குப் படகை மாற்ற வேண்டும். நானும் என் தம்பியும் சில வருடங்களாகக் கச்சானுக்குத் தொண்டிப் பக்கம் போகிறோம். 28 அடிப் படகைக் கடல் வழியாகச் சுற்றிக் கொண்டுபோவதைவிட டிரெய்லரில் ஏற்றி ராமநாதபுரம், தேவிபட்டினம் வழியாகக் கொண்டுபோவது எங்களுக்குச் சுலபம். டிரெய்லர் எங்களுக்குப் படகைப் போலவே தொழில் சாமான். வருடத்தில் இரண்டு தடவை நெடுந்தூரம் ஓடும். மற்ற நாளெல்லாம் கரைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஓடும்.

பழைய பட்டை ஒன்பது வருடம் உழைத்தது. பிப்ரவரியில் இடது பக்கப் பட்டையின் மெயின் பிளேட், பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஓட்டையில் முறிந்தது. பிளேட்டுகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் காயவே காயாது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், பிரித்தால் உள்ளே செதில் செதிலாகத் துரு உதிரும். ஒன்று போனால் இரண்டையும் மாற்றுவதுதான் முறை என்பதால் ஜோடியாக ஆர்டர் செய்தேன்.

ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். பேசிய தம்பியிடம் எல்லா அளவும் சொன்னேன். கண்ணுக்குக் கண் (ஒரு முனை வளையத்திலிருந்து மறு முனை வளையம் வரை) 700 மில்லிமீட்டர், அகலம் 50, பிளேட் ஆறு, ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர் கனம், இரண்டு பக்கமும் கண், சென்டர் போல்ட் நட்ட நடுவில். "அதே சைஸ் இருக்குங்கண்ணா, ரெண்டு டன்னு போட்டிருக்கும் பாருங்க, அதை எடுத்துக்கங்க" என்றார். எடை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொல்ல வந்தேன், "அதெல்லாம் தாங்குமுங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த "ரெண்டு டன்" என்ற சொல்லில்தான் எல்லாம் கெட்டது. உங்கள் பக்கத்தில் ஜோடியாகப் படம் போட்டு, அதன் கீழே "தாங்கும் எடை 2 டன்" என்று இருக்கிறது. ஒரு பட்டைக்கா, ஜோடிக்கா என்று இல்லை. படத்தைப் பார்த்தால் யாரும் ஜோடிக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பில் கைக்கு வந்த பிறகுதான் பொடி எழுத்தில் "ஒன்றுக்கு" என்று இருந்ததைப் பார்த்தேன். ஆக, ஜோடி நான்கு டன்.

என் கணக்கைச் சொல்கிறேன். எடை மேடையில் ஏற்றிப் பார்த்த கணக்கு இது. டிரெய்லர், படகு, இன்ஜின், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 2,050 கிலோ. அதில் 150 கிலோ வண்டியின் கொக்கியில் உட்கார்ந்துவிடும். அச்சு, சக்கரம், டயர் எல்லாம் பட்டைக்குக் கீழே இருப்பவை, அவற்றின் பாரம் பட்டையில் ஏறாது. அது 260 கிலோ. மீதி 1,640. ஒரு பட்டைக்கு 820 கிலோ. அதற்கு ஒரு டன் தாங்கும் பட்டை போதும், கொஞ்சம் கையிருப்பும் இருக்கும். நீங்கள் அனுப்பியது அதைப் போல இரண்டு மடங்கு தாங்குவது.

"கூடுதலாகத் தாங்கினால் நல்லதுதானே" என்று உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பட்டை விற்பவர்கள் சொல்லக் கூடாத பேச்சு இது. பட்டையின் வேலை பாரத்தைத் தாங்குவது மட்டுமா? வளைந்து கொடுப்பதும்தானே. வளையாத பட்டையும் அச்சில் நேராக வைத்துக் கட்டிய இரும்புத் துண்டும் ஒன்றுதான்.

மார்ச் 24ஆம் தேதி பார்சல் வந்தது. தூக்கும்போதே கை சொல்லிவிட்டது. பழையது ஒன்று ஏழு கிலோ இருக்கும், இது பத்து கிலோ. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நீளம் சரி, அகலம் சரி, பிளேட்டும் ஆறு. கனம் மட்டும் 10 மில்லிமீட்டர். மெக்கானிக், பட்டையை அச்சோடு கட்டும் பழைய யூ போல்ட்டைப் போட்டுப் பார்த்தார், மரை பிடிக்கவே நீளம் போதவில்லை. ஆறு பிளேட்டுக்கும் சேர்த்துப் பதினெட்டு மில்லிமீட்டர் கனம் கூடியிருந்தது. அன்று மாலையே உங்களுக்குப் போன் செய்தேன். "ஆறு பிளேட்டுக்கு ஆறு பிளேட்டுதானுங்க, மூணு மில்லியில என்ன ஆகப்போகுது, இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும், போடுங்க" என்றார்கள். 960 ரூபாய்க்குப் புது யூ போல்ட் வாங்கி, 1,800 ரூபாய் கூலி கொடுத்து மாட்டினேன். மாட்டச் சொன்னது நீங்கள். மாட்டியதால் ரிட்டர்ன் கிடையாது என்று சொல்வதும் நீங்கள்.

மூன்று மில்லியில் என்ன ஆகும் என்று சொல்கிறேன். பட்டையின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு இரண்டு மடங்காகும். கனம் அப்படியல்ல, மும்மடியாக ஏறும். மூன்று ஏழை ஒன்றோடொன்று பெருக்கினால் 343. மூன்று பத்தைப் பெருக்கினால் 1,000. அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு விறைப்பு. கரையில் இது கண்ணெதிரே தெரிந்தது. பழைய பட்டையில் படகை ஏற்றினால் டிரெய்லர் சட்டம் மூன்று விரல் இறங்கும். புதியதில் ஒரு விரல்கூட முழுதாக இறங்கவில்லை. டேப் வைத்துப் பார்த்தோம், 17 மில்லிமீட்டர். அப்போதும் உங்களைக் கேட்டேன். "ஓட ஓட இறங்கிடுங்க" என்றார்கள். உங்கள் தொழில், உங்களுக்குத் தெரியும் என்று நம்பினேன்.

ஏப்ரல் 16ஆம் தேதி விடியற்காலையில் தொண்டிக்குப் புறப்பட்டோம். உச்சிப்புளி தாண்டும் முன்பே ஒவ்வொரு வேகத்தடையிலும் படகு தாங்குகட்டையிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தது. நாற்பதுக்கு மேல் போகவில்லை. தேவிபட்டினத்தில் நிறுத்திப் பார்த்தபோது யூ போல்ட் இரண்டு தளர்ந்திருந்தது, இறுக்கிக்கொண்டு போனோம். தண்ணீரில் இருக்கும்போது படகின் பாரத்தைக் கடல் முழுதும் பரவலாகத் தாங்குகிறது. டிரெய்லரில் அதே பாரம் இரண்டு தாங்குகட்டையிலும் நான்கு உருளையிலும்தான் நிற்கிறது. பட்டை வாங்காத அடியெல்லாம் அந்த ஆறு இடத்தில் ஃபைபரின் மேல் இறங்கும்.

தொண்டியில் படகைத் தண்ணீரில் இறக்கி நிறுத்தினோம். மறுநாள் காலையில் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கரையேற்றி, கவிழ்த்து, டார்ச் அடித்துத் தேடினோம். பின் தாங்குகட்டை உட்காரும் இடத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தலைமுடி போல ஒரு கோடு. துடைத்துவிட்டு விரலால் அழுத்தினால் கோட்டில் பொட்டுப் பொட்டாக நீர் துளிர்த்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அந்தப் படகில் கடலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் தம்பி கேட்ட கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்.

தேதியையும் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 61 நாள் பெரிய படகு போகாது, எங்களைப் போன்ற நாட்டுப்படகுகளின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் அதுதான். விசைப்படகுகளெல்லாம் பழுது பார்க்கக் கரையேறும் காலமும் அதுதான், ஃபைபர் வேலைக்கு ஆள் கிடைக்காது. காத்திருந்து, 14,500 ரூபாய் கொடுத்து, ஒட்டி முடிக்க 19 நாள் ஆனது. என் படகில் வரும் மூன்று பேருக்கும் அந்த 19 நாள் வேலை இல்லை.

அடுத்தது பூச்சு. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது என்று உங்கள் பக்கத்தில் எழுதியிருக்கிறது. படகு டிரெய்லரைச் சக்கரம் முழுகத் தண்ணீரில் இறக்குகிறோம், அதனால் பூச்சு எங்களுக்கு அழகுக்கு அல்ல. முக்கி எடுத்தது என்றால் கண்ணின் உட்பக்கத்திலும் சாம்பல் நிறம் பிடித்திருக்கும், கீறினாலும் சுற்றியுள்ள துத்தநாகம் இரும்பைக் காக்கும். உங்கள் பட்டையில் கண்ணின் உட்புறம் கறுப்பு. ஒரு ரூபாய்க் காசால் சுரண்டினேன், வெள்ளிப் பெயின்ட் தூளாக உதிர்ந்தது. ஒவ்வொரு முறை இறக்கிய பிறகும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் விலைக்கு வாங்குவது. அப்படியும் மூன்றாவது வாரத்திலேயே பிளேட் இடுக்கிலிருந்து செந்துரு வடிந்தது. போட்டோ எடுத்து ஏப்ரல் 24ஆம் தேதி மின்னஞ்சலில் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

மே 7ஆம் தேதி ராமநாதபுரத்தில் ஒரு கமான் பட்டறையில் வேறு பட்டை போட்டேன். சிறிய பட்டறைதான், போர்டுகூட இல்லை. அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "படகோட சேர்த்து எடை எவ்வளவு தம்பி?" எடை மேடைச் சீட்டைக் காட்டினேன். அச்சு எடையைக் கழித்தீர்களா என்றார், பட்டையின் முனையைச் சட்டத்தோடு சேர்க்கும் ஷாக்கிள் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று குனிந்து பார்த்தார், முறிந்த பழைய பிளேட்டின் கனத்தை அளந்தார். 7 மில்லிமீட்டர் பிளேட் ஆறு. படகை ஏற்றியதும் 48 மில்லிமீட்டர் இறங்கி நின்றது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வந்து யூ போல்ட்டை இறுக்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினார். அவர் கேட்ட கேள்விகளைக் கேட்க உங்கள் ஆட்களுக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

என் கோரிக்கை இது. பட்டைக்கும் பார்சலுக்கும் கட்டிய 6,850, யூ போல்ட் 960, மாட்டுக்கூலி 1,800, படகு வேலை 14,500, மொத்தம் 24,110 ரூபாயைத் தர வேண்டும். பில்கள், எடைச் சீட்டு, போட்டோக்களின் நகல் இணைத்திருக்கிறேன். அப்புறம், உங்கள் பக்கத்தில் தாங்கும் எடை ஒன்றுக்கா ஜோடிக்கா என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பிளேட்டின் எண்ணிக்கையோடு கனத்தையும் போடுங்கள். பெயின்ட் அடித்ததைப் பெயின்ட் என்றே சொல்லுங்கள். எடையைக் கேட்காமல் படகு டிரெய்லருக்குப் பட்டை கொடுக்காதீர்கள். பணம் வருவதைவிட இது நடப்பது எனக்கு முக்கியம், அடுத்து வாங்குகிறவரும் படகை நம்பிக் கடலுக்குப் போகிறவராக இருப்பார்.

இது வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சுயதொழிலில் பிழைப்புக்காகப் பொருள் வாங்கிப் பயன்படுத்துகிறவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. இணையத்தில் விற்பவர்கள் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. என் மின்னஞ்சலுக்கு அந்த ஒரு மாதம் மே 24ஆம் தேதி முடிகிறது. அதற்குள் தீர்வு வராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த மனுவில் 19 நாள் தொழில் இழப்பையும் சேர்ப்பேன்.

உங்கள் பட்டைகள் இரண்டையும் கழற்றி, துடைத்து, சாக்கில் கட்டி வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன். ஆள் அனுப்புவதற்கு முந்தின நாள் போன் செய்யுங்கள். காலையில் கடலுக்குப் போய்விடுவேன், மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு உரிமையாளர்,
மண்டபம்.

இணைப்பு: பில் நகல்கள், எடை மேடைச் சீட்டு, பட்டை மற்றும் படகின் போட்டோக்கள்.