சாளையோட மேக்குச் செவுரு

கண்ணு,

நல்லா இருக்கியா. வாட்ஸ்அப்புல ரெண்டு டிக்கும் நீலமா மாறுது, பதில்தான் வர மாட்டேங்குது. வேலை அதிகமா இருக்கும்னு உங்கம்மா சொல்றா, சரி இருக்கட்டும்னுதான் நானே ஒக்காந்து நீளமா டைப் பண்றேன், பொறுமையா படி. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த மாசம் பணம் அனுப்பாத. நம்ம தோட்டத்துப் பழைய வீடு, அந்தச் சாளைக்குன்னு நீ அனுப்புனதெல்லாம் பேங்க்லயே கெடக்குது, ஒத்த ரூவா எடுக்கல.

நேத்து சாளைக்குப் போயிருந்தேன். மேக்குச் செவுரு வகுறு தள்ளிட்டு நிக்குது. மாசில நூல் புடிச்சு பாத்தப்ப ரெண்டு விரக்கடைதான் இருந்துச்சு, இப்ப நாலு இருக்கும். ஆடிக்காத்துல அந்தப் பக்கத்து ஓடு எல்லாம் போயிருச்சு. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து நம்ம பக்கம் எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியுமே, அதுக்குத்தான் அந்தக் காலத்துலயே மேக்க ஒரு ஜன்னல்கூட வெக்காம கூரையை நல்லா தாழ எறக்கிக் கட்டிருக்காங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஏதாவது பண்ணலைன்னா செவுரு நிக்காது.

நீ சித்திரையில போன்ல, சிமெண்ட் அடிச்சு பூசிடுங்கப்பான்னு சொன்ன. கொத்தனாரும் அதையேதான் சொல்றாரு. இத்தனை படிச்ச பையன் இப்படிச் சொல்லிட்டானேன்னு எனக்கு வருத்தம்தான். அது வெளிய பாத்தா ஒரே செவுராட்டத் தெரியும், ரெண்டே கால் அடி கனம், ஆனா உள்பக்கம் ஒரு கல்வரிசை வெளிப்பக்கம் ஒரு கல்வரிசை, நடுவுல செம்மண்ணும் சில்லுக்கல்லும் போட்டு கெட்டிச்சது. அங்கங்க ஒரு நீளக்கல்லைக் குறுக்க வெச்சு ரெண்டு வரிசையையும் புடிச்சு நிறுத்திருக்காங்க. தலைக்கு மேல ஓடு இருக்கற வரைக்கும் எத்தனை வருசம்னாலும் நிக்கும். ஓடு போச்சுன்னா மழை நேரா செவுத்துத் தலையில எறங்கி நடு மண்ணைக் கரைச்சுக் கீழ தள்ளுது, அது அடியில போய் அடைஞ்சுட்டு வெளிக்கல்லை நெட்டுது. இதுக்கு மேல சிமெண்ட் பூசுனா உள்ள போன ஈரம் வெளிய வர வழி இல்லாம உள்ளயே சேறாகும். 1988-ல நான் மாட்டுக்கொட்டாய்க்குப் பூசுனேனே, உங்க அப்பாரு, அதான் எங்கப்பா, வேண்டாம்னு சொல்லியும் கேக்காம. பத்தை பத்தையா பேந்து வந்து கடைசியில செவுரே போச்சு. சுண்ணாம்புதான் போடணும், அதுதான் ஈரத்தை வெளிய விடும்.

தாது வருசப் பஞ்சம், அதான் 1876, 77, அது முடிஞ்ச பொறவு கட்டுனதுன்னு அப்பாரு சொல்வாரு. கரட்டுப் பாறை மேல வெறகு அடுக்கி தீ வெச்சு, சூடேறி பொளந்ததும் உளி போட்டு எடுத்த கல்லு. ஆசாரத்துல, அந்த முன்கூடத்துல, தூணைத் தொட்டுப் பாத்தா உளி பட்ட வரி இன்னும் தட்டுப்படும். மாடக்குழியில விளக்குப் பொகை கறுப்பு அப்படியே இருக்குது. மேல பரணுக்கு, அட்டாளிக்கு ஏற்ற ஏணி போயிருச்சு. நீ கரித்துண்டுல ஒசரம் குறிச்சு வெச்ச மூணாந்தூண் நல்லா இருக்குது, அந்தக் கோட்டைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் அங்கயே ஒக்காந்துட்டேன். நம்ம வகையறாவுல வெளிநாட்டுல போய் வேலை பாத்த மொத ஆளு நீதான், இப்பவும் அதைச் சொன்னா எனக்கு நெஞ்சு நெறையும்.

நேரத்துக்குச் சாப்பிடு. பணம் அனுப்பாத.

உங்க சின்னத்தை மகன் போன் பண்ணுனான், என்னமோ சொன்னான், அது கெடக்கட்டும்.

உனக்கு ஒண்ணு நான் சொன்னதே இல்ல. ஒரத்துப்பாளையம் அணை 1992-ல கட்டுனது உனக்குத் தெரியும். திருப்பூர் சாயப்பட்டறைகள்ல இருந்து நொய்யல் ஆத்துல வந்த சாயத்தண்ணி அதுல தேங்கி நின்னு, ஊறி ஊறி நம்ம கெணத்துக்கும் வந்துச்சு, தண்ணி கரிச்சது, தென்னை காஞ்சது. அப்பாரு அப்ப காலு முறிஞ்சு ஊர் வீட்டுல படுத்திருந்தாரு. அவருகிட்ட பண்ணயம் போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ராத்திரி பனியன் கம்பெனியில வாட்ச்மேன் வேலைக்குப் போனேன். காலையில சட்டையை மாத்திட்டு, சந்தையில தேங்கா வாங்கி, நம்ம தோட்டத்துக் காய்னு சொல்லி அவரு கட்டிலுக்குப் பக்கத்துல வெப்பேன். மழை எப்படிடா, கெணத்துல தண்ணி எத்தனை ஆள் ஒசரம்னு கேப்பாரு, நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ரெண்டு வருசம் கண்ணு. கட்டில்ல கெடக்கற மனுசன்கிட்ட ரெண்டு வருசம் பொய் சொன்னேன்.

அவரு போன பொறவு ஆத்தா சொன்னாங்க. மொத நாள் காயை ஒடைச்சுத் தண்ணி குடிச்சப்பவே இது நம்ம காய் இல்லைன்னு சொன்னாராம், பையன் தானா வந்து சொல்லட்டும்னு இருந்தாராம். கடைசி வரைக்கும் நான் போய்ச் சொல்லவே இல்ல. 2011-ல கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப ஊரே பேசுச்சு, எனக்கு அவரு கட்டில்தான் கண்ணுக்குள்ள வந்துச்சு. 98-ல சாளையைப் பூட்டிட்டு வந்தது தண்ணி போனதாலதான்னு எல்லாருகிட்டயும் சொல்லிருக்கேன், ஆனா அவரு கேட்டதெல்லாம் காதுல விழற மாதிரியே இருக்கும், அந்த ஆசாரத்துல எனக்குப் படுக்க முடியல, அதுவும் ஒரு காரணம்.

அவரு மாதிரி காத்துட்டு இருக்க எனக்குத் தெம்பில்ல, அதான் எழுதறேன். நீ எனக்கு ஒண்ணும் விளக்கம் சொல்ல வேண்டாம். பணம் மட்டும் அனுப்பாத, உன் கையில வெச்சுக்க.

செவுத்தைப் பிரிச்சுத்தான் கட்டணும். ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டு எறக்கி, வாசல்ல வரிசையா அடுக்கி, அதே எடத்துல திருப்பி ஏத்தணும். கன்னுக்குட்டி ரெண்டை வித்த காசு இருக்குது, செவுத்துக்கு அது போதும். பேங்க்ல கெடக்கற உன் பணம் டிக்கெட்டுக்கு ஆகும். கொத்தனாரை ஆயுத பூஜை கழிச்சு வரச் சொல்லிருக்கேன், சாக்பீஸ் ஒரு டப்பா வாங்கி வெச்சுட்டேன். நம்பர் போடத்தான் ஒரு ஆள் கொறையுது.

அப்பா