கீழ் வீட்டு மாமாவுக்கு, மொட்டை மாடியிலிருந்து

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாடகம் போன வாரம் மேடை ஏறிவிட்டது. இனிமேல் ராத்திரி 9 மணிக்கு மேல் உங்கள் தலைக்கு மேலே யாரும் தொப்பென்று விழமாட்டார்கள். 35 நாள் எங்கள் ஒத்திகையைப் பொறுத்துக்கொண்டீர்கள். பாஸ் கொடுக்க வந்தபோது, "அதெல்லாம் சரி, மேல என்னதான் பண்றீங்க?" என்று கேட்டீர்கள். அதற்குள் மாமி காபி கொண்டுவந்துவிட்டதில் பதில் சொல்ல விட்டுப்போயிற்று.

முதலில் அந்த பீரோ சமாசாரம். ஒரே ராத்திரியில் நாற்பது தடவையாவது உங்கள் காதில் விழுந்திருக்கும். முதலாளி சாவியைத் தேடுகிறார். வேலைக்காரன் சொல்ல வேண்டிய பதில் இது: "பத்திரமா இருக்கு சார். பூட்டின பீரோவுக்குள்ள." அந்த வேஷம் போடுகிற பையன் ஒவ்வொரு தடவையும், "பூட்டின பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கு சார்" என்றான். அர்த்தம் ஒன்றுதான். ஆனால் பீரோ முன்னால் வந்துவிட்டால், சிரிக்க வாயெடுத்தவன் 'இருக்கு சார்' முடியட்டும் என்று வாயை மூடிக்கொள்வான். அப்புறம் திறக்கமாட்டான். தமிழில் வினைச்சொல்லுக்குக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துதான் பழக்கம். வீட்டுப் பேச்சுக்கு அது சௌகரியம், காமெடிக்கு வில்லங்கம். ஜோக் எந்த வார்த்தையில் வெடிக்கிறதோ அதற்குப் பின்னால் ஒரு 'சார்' கூட வரக்கூடாது என்பது எங்கள் டைரக்டரின் சட்டம். நாற்பதாவது தடவை கீழேயிருந்து, "அதான் பீரோவுக்குள்ளன்னு சொல்லியாச்சே, போய் எடுங்களேன்!" என்று ஒரு குரல் வந்ததே, அன்றைக்குத்தான் பத்து நாளைக்கு அப்புறம் நாங்கள் மனசுவிட்டுச் சிரித்தோம்.

பத்து நாள் சிரிக்காமலா காமெடி ஒத்திகை நடந்தது என்று கேட்பீர்கள். அப்படித்தான் நடக்கும். முதல் வாரம் பாயில் உட்கார்ந்து ஸ்கிரிப்டை வாசிக்கும்போது எல்லோரும் உருண்டு புரள்வோம். இரண்டாவது வாரம் புன்னகை. அதற்கப்புறம் ஈ காக்கை சிரிக்காது. ஒத்திகையிலேயே ஆபத்தான கட்டம் இதுதான். ஜோக் செத்துவிட்டது என்று ஒவ்வொருவனுக்கும் பயம் வந்து, தன் கைச்சரக்கைச் சேர்க்க ஆரம்பிப்பான். மாமனார் வேஷக்காரர் ஒருநாள் வசனத்துக்கு நடுவே தும்மினார். ஸ்கிரிப்டில் தும்மல் கிடையாது. நாங்கள் சிரித்துத் தொலைத்தோம். மறுநாள் மூன்று தும்மல். அதற்கு மறுநாள் வேலைக்காரனும் தும்மினான். டைரக்டர் விசிலை ஊதி நிறுத்தினார் (அந்த விசில் சத்தத்துக்கும் மன்னிக்கவும்). "நமக்கு ஜோக் பழசு, தும்மல் புதுசு. அதான் தும்மலுக்குச் சிரிக்கிறோம். சபாவுல வந்து உட்கார்றவருக்கு ரெண்டுமே புதுசு. அவருக்கு ஜோக் போதும்." தும்மல் அத்தோடு ஒழிந்தது. எனக்கு அந்த முதல் தும்மல் பிடித்திருந்தது என்பதை டைரக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நடுநடுவே எல்லோரும் வாயடைத்துப் போன மாதிரி ஏன் சத்தமே இல்லை என்றும் கேட்டீர்கள். அது சிரிப்புக்கு விட்ட இடம். வந்திராத ஜனங்கள் சிரித்து முடிப்பதற்காக மொட்டை மாடியில் காத்துக்கொண்டு நிற்போம். டைரக்டர் தொடையில் தாளம் போடுவார். சிரிப்பு ஏறும்போது அடுத்த வசனத்தைச் சொன்னால் அது யார் காதிலும் விழாது. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் மேடை விறைத்துப்போகும். ஏறி, உச்சிக்குப் போய், இறங்க ஆரம்பிக்கிற இடத்தில் பிடிக்க வேண்டும். அதைவிடக் கஷ்டம், அந்த இடைவெளியில் முகத்தை என்ன செய்வது என்பது. வசனத்தைச் சொல்லிவிட்டு, சிரியுங்கள் என்று ஜனங்களைப் பார்த்து நின்றால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும். அதனால் சாவியைத் தேடிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்.

காணாமல் போன துணி கிளிப்புகள் எங்களிடம்தான் இருந்தன. சபா மேடையில் மைக் மேலேயிருந்து தொங்கும். அதற்குக் கீழே நின்று பேசினால்தான் கடைசி வரிசைக்கு ஜோக் போய்ச் சேரும். கோபித்துக்கொண்டு நாலடி தள்ளிப்போனால் கோபம் அங்கேயே நின்றுவிடும். எனவே கொடிக் கயிற்றில் உங்கள் கிளிப் மூன்றைத் தொங்கவிட்டு, அவற்றுக்குக் கீழே நின்று சண்டை போடப் பழகினோம். நாலு பிளாஸ்டிக் நாற்காலிதான் சோபா. சாக்பீஸ் கோடுதான் வாசல். காலிங் பெல்லுக்கு வாயால் 'டிங் டாங்'.

'திருடன் திருடன்' ராத்திரியைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. கையில் கழியோடு நீங்கள் மாடிப்படி ஏறி வந்த வேகத்தைப் பார்த்து, "இந்த என்ட்ரி மாதிரி வேணும்டா" என்று டைரக்டர் எங்களுக்குக் காட்டினார்.

பகலில் செய்யக்கூடாதா என்று மாமி கேட்டார்களாம். எல்லோருக்கும் ஆபீஸ் இருக்கிறதே. சென்னையில் இது பழைய வழக்கம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது சேர்ந்தவர்களும் வேறு பிழைப்பு இருந்தவர்கள்தான். அவரே வக்கீல், பிறகு நீதிபதியும் ஆனார். கிரேஸி மோகன் இன்ஜினீயரிங் படித்து சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். சபா நாடகத்தில் பாதி, ஆபீஸ் விட்டு வந்த களைப்போடு உருவானது. புது நாடகங்கள் பல கோடையில் வருவதால், கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவின் கோடை நாடக விழாவும் அப்போதுதான் என்பதால், உங்கள் தூக்கம் கெட்டது வெயில் காலமாகப் போயிற்று.

நீங்கள் என்னை சபேசன் என்றே கூப்பிடுகிறீர்கள். கூரை வழியாகக் கேட்ட என் வேஷத்தின் பெயர் அதுதானே. சோ நாடகத்தில் போட்ட வேஷத்தால்தான் ராமமூர்த்தி, காத்தாடி ராமமூர்த்தி ஆனார். எனக்கு இந்தப் பெயரை வைத்தது நீங்கள் ஒருத்தர்தான், இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, நாடகத்தன்று விட்ட இடைவேளை. தப்பு என்னுடையது. "கதவைத் தட்டறது யாரு?" என்ற வசனம் ஸ்கிரிப்டில் 12-ஆம் பக்கத்திலும் வருகிறது, 19-லும் வருகிறது. நான் 12-ல் கேட்டுவிட்டு 19-ன் பதிலைச் சொன்னேன். எதிரே நின்றவர் வேறு வழியில்லாமல் என்னோடு வந்தார். ஏழு பக்கம் காலி. இடைவேளை விட்டதும் யார் தாண்டியது என்று நாங்கள் உள்ளே அடித்துக்கொண்டிருந்தோமே தவிர, தாண்டியதில் எது போயிற்று என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. அப்போதுதான் கையில் பஜ்ஜியோடு நீங்கள் உள்ளே வந்தீர்கள். "சபேசா, சமையல்காரரா வந்திருக்கறது மாமனார்தான்னு ஒரு லெட்டர் வருமே, அது எங்கேப்பா?"

அரங்கத்தில் 400 பேர். லெட்டர் வரவில்லை என்பது தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான். அது இல்லாமல் இரண்டாம் பாதியில் ஒரு ஜோக் கூடப் புரிந்திருக்காது.

படுதா எழுந்ததும் வேலைக்காரன் லெட்டரோடு வந்ததைப் பார்த்தீர்கள். "இத்தனை நேரம் எங்கேடா இருந்தது இது?" என்று நான் கேட்டது அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. அவன் விழித்தான். பிறகு சொன்னான்: "பத்திரமா இருந்தது சார். பூட்டின பீரோவுக்குள்ள." நாடகத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். அது இறங்குகிற இடத்தில், 35 நாள் திட்டு வாங்கியதெல்லாம் மறந்து, "இருந்தது சார்" என்று சேர்த்தான். சிரிப்பு மறுபடி ஏறிவிட்டது. டைரக்டர் இரண்டு நாளாக அவனோடு சரியாகப் பேசவில்லை.

கிளிப் மூன்றையும் உங்கள் ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு ஸ்பிரிங் போய்விட்டது. மாமியிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சபேசன்