ஊசி போட்டது யார் என்று கேட்கும் முன், போடச் சொன்னது யார் என்று எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் மருத்துவக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால் எங்கள் பிள்ளைகளும் எம்.பி.பி.எஸ். போனார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர். சம்பா அறுவடையின்போது அங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். முழுவதையும் மறுபடி சொல்லப் போவதில்லை.

கண்ணாடி விரியன் கடித்த ஒரு விவசாயத் தொழிலாளி. காலில் கயிறு கட்டி, மந்திரித்துவிட்டு, நேரம் போனபிறகு கொண்டுவந்தார்கள். டியூட்டி டாக்டர் விபத்துக் கேஸ் ஒன்றைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தார். "ஏ.எஸ்.வி. ஆரம்பிச்சிடும்மா" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். அந்த விஷமுறிவு மருந்து பொடியாக வரும். ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி நீர் ஏற்றி, நுரைக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கக் கூடாது. முதல் தவணைக்கே 8 முதல் 10 குப்பி. சுற்றி நின்ற உறவினர்களுக்கு அது தெரியுமா? "ஊசி போடாம பாட்டிலை உருட்டிக்கிட்டு நிக்குது இந்தப் பொண்ணு" என்றார் ஒருவர். இன்னொருவர் செல்போனில் படம் எடுத்தார்.

மருந்து ஏறத் தொடங்கியதும் ஒவ்வாமை வந்தது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து, அப்படி வரலாம். அவள் உடனே அட்ரினலின் போட்டாள், ஒவ்வாமை அடங்கியது. ஆனாலும் விடிவதற்குள் அவர் இறந்துபோனார். அந்தக் குடும்பத்தின் துக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளையும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறது.

பாம்புக்கடி மரணம் என்றால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாவது வழக்கம்தான். இந்த முறை வந்த முதல் கேள்வி, "ஊசி போட்டது யார்?" கேஸ் ஷீட்டில் இருப்பது அவள் கையெழுத்து. வாயால் சொன்ன உத்தரவு எந்தத் தாளிலும் இல்லை. மருத்துவமனை நிர்வாகம் அவளுக்குச் சொன்னது, "நீயே ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துடு" என்பது மட்டும்தான்.

அவள் அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் நேரே வக்கீலிடம் போனார். முன்ஜாமீனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டு, அங்கிருந்து நகைக்கடனுக்காகக் கூட்டுறவு வங்கி வாசலில் போய் நின்றார். மகளின் படிப்புச் செலவை அரசு ஏற்றது, நன்றி. அரசு வேலையைச் செய்ததற்காக வருகிற வழக்குச் செலவை யார் ஏற்பது?

நாங்கள் கேட்பதில் முதன்மையானது இது. அவசரப் பிரிவில் நிற்கும் மாணவரும் பயிற்சி மருத்துவரும் மேலே உள்ளவர் சொல்லிச் செய்த சிகிச்சைக்குச் சட்டப்படி யார் பொறுப்பு என்று அரசாணையாக எழுதிக் கொடுங்கள்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவைப் பாருங்கள். அலட்சியத்தால் மரணம் என்றால் 5 ஆண்டு வரை சிறை. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது என்றால் 2 ஆண்டு வரை. யார் பதிவுபெற்ற மருத்துவர்? தேசிய அல்லது மாநில மருத்துவப் பதிவேட்டில் பெயர் ஏறியவர் என்கிறது சட்டம். இறுதியாண்டு மாணவருக்குப் பதிவே கிடையாது. பயிற்சி மருத்துவரிடம் இருப்பது தற்காலிகப் பதிவு. அது இந்த வரையறைக்குள் வருமா, வராதா? வராது என்றால் அனுபவமுள்ள டாக்டருக்கு 2 ஆண்டு, அவர் சொன்னதைச் செய்த பிள்ளைக்கு 5 ஆண்டு. இது எந்த நியாயத்தில் சேர்த்தி? சாலையில் அடிபட்டவரைத் தூக்கிவந்து சேர்க்கும் வழிப்போக்கருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. அதே ஆளைப் பணியில் இருந்து தொட்டுச் சிகிச்சை செய்கிறவளுக்கு அது கிடைக்காது. அலட்சியப் புகாரில் மேலே போவதற்கு முன் காவல்துறை வேறொரு மருத்துவ வல்லுநரின் கருத்தைப் பெற வேண்டும், வாடிக்கையாகக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கிலேயே சொல்லிவிட்டது. எங்கள் ஊர் ஸ்டேஷனில் அதை எடுத்துச் சொல்ல அந்தப் பெண்ணோடு அன்று ஒருவரும் போகவில்லை.

2022 ஜனவரியில் நாகப்பட்டினம் உட்பட 11 புதிய மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தீர்கள். மகிழ்ச்சிதான். கட்டடம் வந்தது, சீட்டு வந்தது. அப்புறம் ராத்திரி வார்டில் ஒரே டாக்டரை நிற்கவைத்துவிட்டு, மீதி இடத்தையெல்லாம் படிக்கிற பிள்ளைகளை வைத்து நிரப்பினால் எப்படி? ஆள் போதாதபோது "நீயும் டாக்டர்தானே" என்கிறீர்கள், போலீஸ் வந்தால் "அவள் பயிற்சிதானே" என்கிறீர்கள். வேலூர் பக்கமோ சென்னையோ, எங்கும் இதே நிலைமைதான் என்று பதில் சொல்லாதீர்கள். எங்கும் இருந்தால் எங்கும் சரிசெய்யுங்கள்.

என் வகுப்பில் நீட்டுக்குப் படிக்கிற ஒரு பையன் போன வாரம் கேட்டான்: "டீச்சர், எமர்ஜென்சி போஸ்டிங் வேண்டாம்னு சொல்ல முடியுமா?" வயல்காட்டில் பாம்பு கடித்தால் ஓடிவர இருக்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே நிற்கவே பயப்படுகிற டாக்டர்களை நாமே உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடி கேட்கிறேன். வாய்மொழி உத்தரவு எதுவானாலும் சொன்னவர் அந்த ஷிஃப்டுக்குள் கேஸ் ஷீட்டில் கையெழுத்திட வேண்டும். விசாரணைக்கு அழைத்தால் நிர்வாகத்திலிருந்து ஒருவரும் அரசுச் செலவில் ஒரு வழக்கறிஞரும் உடன் போக வேண்டும். பொறுப்பு யாருடையது என்பது அரசாணையில் இருக்க வேண்டும். அடுத்த அணிப் பயிற்சி மருத்துவர்கள் பணியில் சேர்வதற்கு முன் அந்த ஆணையை வெளியிடுங்கள். ஏற்கெனவே விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் எங்கள் மாணவிக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்