ஈஸ்டர் முடிந்த வாரத்தில் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். ஞாயிற்றுக்கிழமை நைட் டூட்டி முடிந்து நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை ஆராதனையிலிருந்து வந்த பிறகுதான் பார்த்தேன். போனில் பேசலாம் என்றால் எனக்கு வசதியான நேரமெல்லாம் நீ தூங்குகிற நேரமாக இருக்கிறது. அதோடு இது போனில் பேசித் தீர்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் வார்டில் இருந்த அந்தப் பாட்டிக்குப் பெரிய வியாழன் அன்று வாய் துடைத்து, தலை சீவி, விரிப்பு மாற்றினாய். மத்தியானத்துக்குள் அவர் போய்விட்டார். சனிக்கிழமை அதே கட்டிலில் வேறு ஆள். "எப்படியும் சாகப்போகிறவருக்குத் தலை சீவிவிட்டு என்னப்பா ஆகப்போகிறது? இன்றைக்கு ஈஸ்டர் என்பதே எனக்கு உறைக்கவில்லை" என்று எழுதியிருந்தாய்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஆத்துமா பரலோகம் போயிற்று, உடம்பு வெறும் கூடு, அதை நினைத்து வருந்தாதே என்று எழுதுங்கள்" என்றாள். நம் ஊர்ச் சாவு வீடுகளில் எல்லாரும் சொல்கிற ஆறுதல்தான். ஆனால் உன் கேள்வியை அது இன்னும் பெரிதாக்கிவிடும். உடம்பு வெறும் கூடு என்றால், நீ பார்க்கிற வேலை முழுவதும் கூட்டைத் துடைத்து வைக்கிற வேலை என்றாகிவிடும் அல்லவா?

ஆத்துமா மட்டும் தப்பித்துப் போகிறது என்று சொல்வதற்கு ஈஸ்டர் தேவையே இல்லை, மகளே. கிரேக்கரில் பலர் அதை முன்பே நம்பினார்கள். அத்தேனே பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுல் பேசியபோது, பாதிவரை பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்ற பேச்சு வந்ததும் சிலர் இகழ ஆரம்பித்தார்கள். படித்தவர்களுக்கு உடம்பு திரும்ப வருவது அசிங்கமாகப் பட்டிருக்கும். நாமும் ஞாயிறுதோறும் விசுவாசப்பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று ஒரே மூச்சில் சொல்லி ஓடிவிடுகிறோம்.

அந்த முதல் ஈஸ்டர் காலையில் கல்லறைக்கு யார் போனார்கள், எதற்குப் போனார்கள் என்று பார். மகதலேனா மரியாள், யாக்கோபின் தாயாகிய மரியாள், சலோமே. ஓய்வுநாள் முடிந்ததும், உடம்பில் பூசுகிற வாசனைப் பொருளான சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் போகிறார்கள். அவர் எழுந்திருப்பார் என்று பார்க்கப் போகவில்லை. செத்துப்போன உடம்புக்குச் செய்யவேண்டியதை அவசரத்தில் சரியாகச் செய்ய முடியவில்லையே, அதைச் செய்துவிட வேண்டும் என்று போகிறார்கள். இத்தனைக்கும் நிக்கொதேமு ஏற்கெனவே வெள்ளைப்போளம், கரியபோளம் என்ற வாசனைப் பொருள்களை நூறு இராத்தல் கொண்டுவந்து வைத்துக் கட்டியிருந்தார் என்று யோவான் எழுதுகிறார். கணக்காகப் பார்த்தால் அந்தப் பெண்கள் போனது தேவையே இல்லாத வேலை. கல்லை யார் புரட்டுவார்கள் என்றுகூட யோசிக்காமல் கிளம்பி, பாதி வழியில்தான் அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். நீ பார்ப்பதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். இனி ஒன்றும் ஆகாது என்று மற்றவர்கள் விட்டுவிட்ட உடம்புக்கு, மரியாதையோடு செய்யவேண்டியதைச் செய்வது. கடவுள் தம்முடைய பெரிய செய்தியை முதலில் சொன்னது அந்த வேலைக்குக் கிளம்பியவர்களிடம். பேதுருவும் மற்றச் சீடர்களும் அப்போது வீட்டில் இருந்தார்கள். இதை நம் சபைப் போதகர்மார் பிரசங்கத்தில் கொஞ்சம் வேகமாகக் கடந்துபோய்விடுவார்கள்.

உயிர்த்தெழுந்தவர் செய்ததையும் பார். பொரித்த மீன் தின்றார். கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, ராத்திரி முழுக்க வலைபோட்டுக் களைத்து வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு வைத்தார். கையிலும் விலாவிலும் இருந்த காயங்கள் அப்படியே இருந்தன, தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மகிமையான சரீரத்தில் காயத்தின் தழும்பு எதற்கு என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. இந்த உடம்பில் பட்டது ஒன்றும் கணக்கில் வராமல் போகாது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியானால் அந்தப் பாட்டியின் தலையில் உன் சீப்பு பட்டதும் போகாது.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், 15ஆம் அதிகாரம். சாவு வீட்டில் நாம் வாசிப்பதுதான். ஐம்பத்தேழு வசனம் உயிர்த்தெழுதலைப் பற்றி வாதாடிவிட்டு, கடைசி வசனத்தில் என்ன சொல்வார் என்று எதிர்பார்ப்போம்? சாவுக்குப் பயப்படாதே என்றா? அவர் சொல்வது, "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று அறிந்து" உறுதியாக இருங்கள் என்று. என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்டதற்கு, வீண்போகாது என்ற பதில்தான் அங்கே நிற்கிறது. மரித்தோர் எழுந்திராவிட்டால் புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம் என்று இருந்துவிடலாமே என்று அவரே அதே அதிகாரத்தில் கேட்கிறார்.

இதை நம்பியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு பழைய கடிதம் இருக்கிறது. அதுவும் ஈஸ்டர் கடிதம்தான். சுமார் 260ஆம் ஆண்டு வாக்கில், கொள்ளைநோய் வந்த சமயம், அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோனீசியு எழுதியது. சரித்திரம் எழுதிய யூசேபியு அதை எடுத்து வைத்திருக்கிறார். விசுவாசிகளில் பலர் நோயாளிகளை விட்டு ஓடவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தார்கள், இறந்தவர்களின் கண்ணையும் வாயையும் மூடி, குளிப்பாட்டி, துணி சுற்றித் தோளில் தூக்கிப்போனார்கள், கொஞ்ச நாளில் அவர்களுக்கும் அதையே வேறு ஆட்கள் செய்யவேண்டி வந்தது என்று எழுதுகிறார். சொந்த சபையைப் பற்றிப் பேராயர் எழுதுவது, கொஞ்சம் தூக்கித்தான் எழுதியிருப்பார் என்று வைத்துக்கொள். ஆனால் ஒரு நூறு வருஷம் கழித்து, கிறிஸ்தவத்தைப் பிடிக்காத ரோமப் பேரரசன் ஜூலியன், தன் பூசாரி ஒருவருக்கு எழுதும்போது எரிச்சலோடு அதையே ஒப்புக்கொள்கிறான்: அந்நியரை உபசரிப்பதாலும் செத்தவர்களின் கல்லறையைக் கவனிப்பதாலும்தான் இவர்கள் வளர்கிறார்கள் என்று. பிடிக்காதவன் வாயிலிருந்து வந்த சாட்சி என்பதால் எனக்கு அதில் தனி நம்பிக்கை.

அவ்வளவு தூரம் ஏன், குமரி மாவட்டத்தில் நம் நெய்யூரைப் பார். இங்கிலாந்துக்காரரான டாக்டர் சோமர்வெல் 1922இல் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு, ஊர் திரும்புமுன் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தவர். காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு மனசு மாறி, இங்கேயே மிஷன் டாக்டராக வந்து சேர்ந்தார். அவர் கத்தி வைத்துப் பிழைக்கவைத்தவர்கள் எல்லாரும் பின்னால் ஒருநாள் செத்துத்தான் போனார்கள். பெத்தானியாவில் இயேசு சாவிலிருந்து எழுப்பிய லாசருகூட இரண்டாம் தடவை செத்திருப்பான். அதற்காக அங்கே நடந்தது வீண் என்று யாராவது சொல்வார்களா?

லாசருவின் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும்போது அழுதார். அதனால் நீயும் அழலாம். "ஈஸ்டர் ஜனங்கள் அழக்கூடாது, எப்போதும் ஜெயம், ஜெயம்" என்று யாராவது யூடியூபில் சொன்னால் கேட்டுக்கொள்ளாதே. அப்படிச் சத்தம் போடுகிறவர்களில் எத்தனை பேர் படுக்கையில் கிடக்கிறவரின் அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். அப்புறம், லீவு எடு. உயிர்த்தெழுதலை நம்புகிறவளுக்கு எல்லா ஷிப்டும் தானே பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. உலகத்தை முடித்துவைக்கிற பொறுப்பு உன்னுடையது இல்லையே. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் கறி சாப்பிடாமல் கட்டுப்பாடாக இருக்கிற நாம், ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள் என்பதை மறந்துவிட்டு, திங்கட்கிழமையே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். ஒருநாள் நீயாக ஆப்பம் சுட்டுச் சாப்பிடு. மாவுக்கு என்ன அளவு என்று அம்மா தனியாக அனுப்புவாள்.

நான் கேட்க நினைத்த இன்னொன்று இருக்கிறது. பவுல் அந்த 15ஆம் அதிகாரத்தை முடித்ததும் அடுத்த வரியிலேயே தர்மப்பணம் சேர்ப்பதைப் பற்றி ஆரம்பிக்கிறார். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக வாரத்தின் முதல் நாளில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துவைக்கச் சொல்கிறார். நானும் அதே மாதிரி பணப்பேச்சுக்கு வருகிறேன். இந்த வருஷ ஈஸ்டர் காணிக்கையில் ஒரு பங்கை, சபையில் எழுந்து நடமாட முடியாமல் கிடப்பவர்களுக்குச் செலவிடலாம் என்று கமிட்டியில் பேசி முடித்தோம். உன் பணத்தை உடனே அனுப்பவேண்டாம். அதற்கு முன்னால் உன் அனுபவம் வேண்டும். படுக்கைப் புண் வராமல் இருக்க வாட்டர் பெட் நல்லதா, காற்று அடிக்கிற மெத்தை நல்லதா? கரண்ட் போனால் எது தாங்கும்? எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ஒல்லியான ஒரே ஒரு ஆள் வீட்டில் இருந்தால் எப்படிப் புரட்டுவது? பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாகப் போகத் தயாராக இருக்கிறார்கள், செய்முறைதான் தெரியவில்லை. தமிழில், எளிதாகப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு. முடிந்தால் வீடியோவாக எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா