போடாத வரிக்கும் விலை கொடுக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தாமிர வரி பற்றிய உங்கள் கட்டுரை, சுமையெல்லாம் அமெரிக்கர்களுக்குத்தான், நமக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று முடிந்திருந்தது. கோவையில் சிறிய அளவில் பம்ப் மோட்டார் செய்கிற எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் தெரிகிறது.

2025 பிப்ரவரியில் டிரம்ப் தாமிர இறக்குமதி பற்றி விசாரணைக்குத்தான் உத்தரவிட்டார். அப்போது புதிதாக ஒரு வரியும் போடவில்லை. ஆனால் வரப்போகிறது என்ற பேச்சே போதுமானதாக இருந்தது. அதற்குள் சரக்கைக் கரை சேர்த்துவிட வேண்டும் என்று வியாபாரிகள் கிடைத்த கேத்தோடை, அதாவது சுத்திகரித்த தாமிரத்தையெல்லாம், அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். லண்டன் உலோகச் சந்தையின் கிடங்குகளில் இருப்பு வற்றியது, அமெரிக்கச் சந்தையான காமெக்ஸின் கிடங்குகள் நிரம்பின. ஜூலை 8ஆம் தேதி 50 சதவீதம் என்று அறிவித்ததும் காமெக்ஸ் விலை ஒரே நாளில் 13 சதவீதம் ஏறியது. ஜூலை 30இல் உத்தரவு வந்தபோது பார்த்தால் கம்பி, குழாய், தகடு போன்றவற்றுக்குத்தான் வரி. கேத்தோடுக்கும் தாதுவுக்கும் ஸ்கிராப்புக்கும் விலக்கு! விலை 20 சதவீதத்துக்கு மேல் மடமடவென்று விழுந்தது.

சரி, விழுந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். போன சரக்கு திரும்பவில்லையே. சுத்திகரித்த தாமிரத்துக்கு 2027இல் 15 சதவீதம், 2028இல் 30 சதவீதம் போடலாம் என்ற யோசனையும் அப்போதே வந்துவிட்டது. பிறகு யார் அதை வெளியே விடுவார்கள்? அந்த ஆண்டுக் கடைசியில் லண்டன் விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. முழுப் பழியையும் வரியின் மேல் போட மாட்டேன். செப்டம்பரில் இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் சேறு புகுந்து உற்பத்தி தடைபட்டதும் ஒரு காரணம். ஆனால் இப்படி ஒரு தட்டுப்பாடு வரும்போது கைகொடுக்க வேண்டிய இருப்பு ஒரே நாட்டில் முடங்கிக் கிடந்தது.

இங்கே நம் நாட்டுச் சரக்குச் சந்தையான எம்சிஎக்ஸின் விலை லண்டனையும் டாலரையும் ஒட்டித்தான் நகரும். மோட்டாரில் சுற்றுகிற தாமிரக் கம்பிக்கு, அதாவது வைண்டிங் ஒயருக்கு, கடையில் ரேட் கேட்டால் "சாயங்காலம் வரைக்கும்தாங்க" என்கிறார்கள். நாங்கள் டீலருக்குக் கொடுத்த கொட்டேஷனோ மாதக்கணக்கில் நிற்கும். அலுமினியத்துக்கு மாறு என்று யோசனை சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் மின்கடத்துதிறன் தாமிரத்தில் 60 சதவீதம்தான். அதே வேலைக்குத் தடித்த கம்பி வேண்டும், மோட்டாருக்குள் கம்பி சுற்றுகிற பள்ளத்தில் (ஸ்டேட்டர் ஸ்லாட்) அதற்கு இடம் இருக்காது. இடத்துக்காகக் கம்பியை மெலிதாக்கினால் காயில் கருகும். போர்வெல்லுக்குள் கிடக்கும் மோட்டாரை வெளியே இழுக்கிற செலவு விவசாயியின் தலையில்.

இதில் எனக்குக் கவலை, நம் ஊரிலும் கேத்தோடு இறக்குமதியைக் கட்டுப்படுத்தச் சொல்லி தாமிர உற்பத்தியாளர்கள் கேட்பதுதான். ஏற்கெனவே 5 சதவீத வரி இருக்கிறது. ஒப்பந்தப்படி ஜப்பான் சரக்கு வரியில்லாமல் வருவது அவர்களுக்கு உறுத்துகிறது. வரி போட்டால் ஆலை தானாக வந்துவிடாது. அமெரிக்காவில் தாது உண்டு, ஆனால் அதை உருக்கும் பெரிய ஆலைகள் அரிசோனாவில் ஒன்று, யூட்டாவில் ஒன்று, அவ்வளவுதான் ஓடுகின்றன. நம் கதை நேர்மாறு. முந்திராவில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் ஆலை வந்துவிட்டது, தாதுவுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. (2018இல் மூடிய தூத்துக்குடி ஆலையைத் திறக்கச் சொல்லி இதை எழுதவில்லை. 13 உயிர் போன விவகாரம் அது.) இந்த நிலையில் வரியை ஏற்றினால் கூடுதல் ரூபாயைக் கட்டப்போவது கணபதி, பீளமேடு பக்கத்துச் சிறு பட்டறைகள்தான்.

இன்னொரு வேண்டுகோள். தங்கம் விலையைத் தினமும் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். வணிகப் பக்கத்தில் ஒரு மூலையிலாவது எம்சிஎக்ஸ் காப்பர் விலையையும் லண்டன் கிடங்கு இருப்பையும் போடுங்கள். எங்கள் பகுதியில் அதைப் பார்க்க நிறையப் பேர் இருக்கிறோம்.

— வாசகர், கணபதி, கோவை