ஒரே சொல், வேறு வேறு சங்கமம்

அன்பு மக்களே,

மூன்று துறைக்காரர்கள் கூடிச் செய்யும் ஆய்வில் ‘கன்வெர்ஜென்ஸ்’ (ஒன்றில் போய்ச் சேர்தல்) என்ற ஒரு சொல்லில்தான் இழுபறி என்று எழுதியிருந்தாய். நம்மூர் முக்கடல் சங்கமத்தை மனதில் வைத்துக்கொண்டு எல்லாத் துறைக்கும் அந்தச் சொல்லைப் போட்டால் இழுபறிதான் மிஞ்சும். எது, எங்கே போய்ச் சேருகிறது என்று ஒவ்வொரு தடவையும் கேள்.

கணக்கில் பலர் வழுக்குவது ஓரிடத்தில். கூட்டிக்கொண்டே போகும் எண்கள் (உறுப்புகள்) சிறுத்துக்கொண்டே போனால் தொடர் ஒருங்கிவிடும், அதாவது கூட்டுத்தொகை ஒரே எண்ணை (எல்லையை) நெருங்கி நின்றுவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். 1 + 1/2 + 1/3 + 1/4… பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.4-ஐத் தாண்டாது. அந்தக் கடைசி உறுப்பு 0.000001. மாற்றம் அவ்வளவு சிறுத்ததும் நிறுத்தச் சொல்லி நிரல் எழுதியிருந்தால், கணினி ‘ஒருங்கிவிட்டது’ என்று சொல்லிவிடும். உண்மையில் அந்தத் தொடருக்கு எல்லையே கிடையாது; மேலும் மேலும் கூட்டினால் எந்த எண்ணையும் தாண்டிவிடும்.

ஒருங்குவதிலும் வேகம் உண்டு. 14-ஆம் நூற்றாண்டுச் சங்கமகிராம மாதவனின் (ஊர்ப்பேரைப் பார்!) தொடர் 4(1 − 1/3 + 1/5 − 1/7…) பையின் (π) மதிப்பான 3.1416-க்குப் பக்கத்தில் போய்ச் சேரும், ஆனால் ஆமை நடை. பத்து உறுப்புக்கு 3.0418. அவர் மரபில் வந்த எளிய திருத்தப்படி பத்தில் ஒரு பங்கை, அதாவது 0.1-ஐக் கூட்டு: 3.1418. கிட்டத்தட்ட எட்டிவிட்டது பார்.

உயிரியலில் எல்லை என்ற பேச்சே இல்லை. குளச்சல் கரையில் ஏலம் போகும் கணவாயின் கண்ணிலும் நம் கண்ணைப்போல லென்ஸ், விழித்திரை எல்லாம் உண்டு. ஆனால் நமக்கு நரம்பு விழித்திரையின் முன்பக்கம் ஓடி, ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு பின்னால் போகிறது. அதுதான் குருட்டுப் புள்ளி. கணவாய்க்கு நரம்பு பின்னாலேயே இருப்பதால் குருட்டுப் புள்ளி கிடையாது. தனித்தனி வழியில் வந்த சாயல் இது. பொது மூதாதையிடமிருந்து வந்த ஒற்றுமையை இந்தக் கணக்கில் சேர்க்காதே.

இனி மலைக் கணவாய். ஆரல்வாய்மொழியில் காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தாலும், வேகமெடுத்து மறுபக்கம் போய்விடுகிறது. வானிலைக்காரர்கள் அதைக் குவிதல் (அவர்களுடைய கன்வெர்ஜென்ஸ்) என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகமாக வேண்டும். மிஞ்சிய காற்று மேலே எழும்பிக் குளிர்ந்தால்தான் மேகம்.

அறிக்கையில் மூன்று பத்திக்கும் அந்த ஒரே சொல்லைத் தலைப்பாக வைக்காதே. ‘எல்லை’, ‘தனிவழிச் சாயல்’, ‘காற்றுச் சேர்மானம்’ என்று பிரித்து எழுதி, மூன்று பேரிடமும் காட்டிவிட்டு அனுப்பு.

அம்மா