தன் பிள்ளையைக் கொடுத்தவர், ஊரார் பிள்ளையை எடுக்கலாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். தெற்கில் அரசுக்கு எதிராக இரண்டு முறை கிளர்ச்சி செய்த ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) இயக்கத்தின் தலைவர் ரோகண விஜேவீரவைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். 1989 நவம்பரில் அவர் பிடிபட்டது உலப்பனையில், ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில். தாடியை வழித்துவிட்டு, அத்தநாயக்க என்ற பெயரில் மனைவி பிள்ளைகளோடு இருந்திருக்கிறார். அதே மாதங்களில் அவரை நம்பிப் போன பெடியள் தெற்கில் றோட்டோரங்களில் டயரில் எரிந்துகொண்டிருந்தார்கள். தொண்டர்களைச் சாகவிட்டுத் தான் ஒளித்திருந்தவர் என்பது கட்டுரையாளரின் தீர்ப்பு.

தீர்ப்போடு எனக்குச் சண்டையில்லை. அவர் பாவித்த அளவுகோலோடுதான்.

ஜே.வி.பி.யின் முதல் கிளர்ச்சி நடந்த 1971 ஏப்ரலில் விஜேவீர இங்கே, யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். அவரை மீட்க வந்தவர்களின் முயற்சி சரிவரவில்லை. நான் அப்போது எட்டாம் வகுப்பு. தெற்கில் வேட்டைத்துவக்கோடு பொலிஸ் நிலையங்களுக்குள் புகுந்தவர்களுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருந்திருக்கும். "அவர் உள்ளுக்குப் பத்திரமாய் இருக்கிறார். சாகிறது ஊரார் பெத்த பிள்ளையள்" என்று ஐயா வானொலியை நிறுத்திவிட்டுச் சொன்னது இன்றும் ஞாபகம்.

சரி, அதே அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். எங்கள் தலைவர், புலிகளின் பிரபாகரன், ஓடவில்லை. 2009 மே மாதம் நந்திக்கடலடியில் முடிந்தார். மூத்த மகனும் அங்கேதான் போனார். ஆகவே அவர் தேறிவிடுவார். தேநீர்க்கடையில் இந்தப் பேச்சு எடுத்தாலே, "அவர் தன்ர பிள்ளையையும் குடுத்தவரல்லோ" என்று யாராவது சொல்ல, கதை அத்தோடு நின்றுவிடுகிறது. கொடுத்தார், உண்மை. அதனால் அடுத்த வீட்டுப் பிள்ளையை எடுக்கும் உரிமை வந்துவிடுமா?

விரும்பிப் போனவர்களைப் பற்றி நான் கதைக்கவில்லை. 1991 ஆனையிறவுச் சண்டையில் ஒரு மாதத்துக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட புலிப் போராளிகள் செத்தார்கள். உப்பளத்தரை, வெட்டவெளி, மறைய ஒரு பற்றைகூட இல்லை. இராணுவ முகாமும் விழவில்லை. அந்தத் திட்டத்தைப் பற்றிப் போட்டவர்களிடம் கேட்க நிறைய உண்டு. ஆனால் போன பிள்ளைகளில் என்னிடம் கணக்குப் படித்தவர்களும் இருந்தார்கள். சைக்கிளைப் பள்ளிக்கூட மதிலில் சாத்திவிட்டுத் தாங்களாகவே போனவர்கள். அவர்களைக் குறைவாகச் சொல்ல எனக்கு நா எழாது.

வன்னியில் கடைசியில் நடந்தது வேறு. புலிகள் கட்டாயமாக ஆள் பிடித்தது வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கியது, பிறகு அந்தக் கணக்கும் இல்லாமல் போனது. பிடித்த பிள்ளைக்கு அரைகுறைப் பயிற்சி, அடுத்தது முன்னரங்கு. 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, இராணுவம் ஆஸ்பத்திரிகள் மீதும் யுத்த சூனிய வலயங்கள் மீதும் ஷெல் அடித்ததை எழுதியிருக்கிறது. புலிகள் 14 வயதுப் பிள்ளைகளைப் பிடித்ததையும், தப்பி ஓடிய சனத்தைச் சுட்டதையும் அதே அறிக்கைதான் எழுதியிருக்கிறது. முதலாவதை ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் விரித்துக் காட்டுகிறோம், இரண்டாவதை மடித்து உள்ளே வைத்துவிடுகிறோம்.

இதை எழுதினால் எனக்கு என்ன பட்டம் கிடைக்கும் என்று தெரியும். பரவாயில்லை. இப்படியான கேள்விகளைக் கேட்ட மருத்துவபீட விரிவுரையாளர் ரஜனி திராணகமவுக்கு 1989 செப்டெம்பரில் கிடைத்தது பட்டம் அல்ல, துவக்கு வெடி. சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது.

விஜேவீர செத்த அதே மாதத்தில்தான் எங்கள் பக்கத்தில், இறந்த புலிப் போராளிகளை நினைவுகூரும் முதல் மாவீரர் நாளும் நடந்தது. ஜே.வி.பி.காரருக்கு நினைவு நாள் நவம்பர் 13, எங்களுக்கு 27. அவர்களின் தலைவரைப் பற்றி இரண்டு பக்கம் விசாரணை எழுதிய நீங்கள், எங்கள் நாளுக்கு வழமைபோல் சிறப்பிதழ் போடுவீர்கள். போடுங்கள், விளக்கேற்றுகிறவர்களில் நானும் ஒருவன். அதில், பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு பக்கத்தை ஒதுக்க முடியுமா? வளவுக்குள் குழி வெட்டி மகனை ஒளித்தவர்களும், இயக்கம் பிடிக்காமலிருக்கப் பதினாறு வயதில் மகளுக்குத் தாலி கட்டிவைத்தவர்களும் கிளிநொச்சியிலும் விசுவமடுவிலும் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் செய்தியாளருக்குப் பெரிய தூரமில்லை. காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்கு முன் போய்விடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில்.